பழைய லேப்டாப்ல மாட்டிக்கிட்ட பிட்காயின் வாலட்: எங்க கை வைக்கணும், எங்க வைக்கக்கூடாது

மாமா பையன் ஒருநாள் பரண்ல இருந்து ஒரு லேப்டாப்பைத் தூசி தட்டித் தூக்கிட்டு வந்தார், 2014-ல வாங்கின பிட்காயின் கொஞ்சம் அதுக்குள்ள இருக்குன்னு சொன்னார், ஆனா திறந்து பார்த்தா ஜீரோ காட்டுதாம். "மாப்ள எல்லாம் போச்சுடா, எவனோ அடிச்சிட்டான்"னு முகம் தொங்கிப்போச்சு. விண்டோஸ் 7, 2 ஜிபி ராம், சுத்துற ஹார்ட் டிஸ்க், ஆன் ஆகவே அஞ்சு நிமிஷம். எவனும் அடிக்கல. எல்லாம் உள்ளதான் இருந்துச்சு. வெளிய எடுக்க ரெண்டு நாள் ஆச்சு, அதுல ஒன்றரை நாள் நான் தப்பான இடத்துல நோண்டினது. அந்த ஒன்றரை நாள் உங்களுக்கு மிச்சம் ஆகட்டும்னுதான் இதை எழுதுறேன்.

ஒன்னு சொல்லிடறேன், கமாண்ட், ஃபைல் பேர் எல்லாத்தையும் தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன், டைப் பண்றப்ப நீங்க இங்கிலீஷ்ல அடிச்சுக்கங்க.

சாஃப்ட்வேரைத் தொடாதீங்க, முதல்ல ஃபைலைக் காப்பி எடுங்க

பிட்காயின் கம்ப்யூட்டருக்குள்ள கிடையாது. கணக்கு ஊர் உலகத்துல இருக்கிற எல்லா நோட்லயும் (பிட்காயின் கணக்கைச் சரிபார்க்கிற கம்ப்யூட்டர்கள்) இருக்கு, உங்க மெஷின்ல இருக்கிறது சாவி மட்டும்தான். பிட்காயின் கோர்ல (முழுக் கணக்கையும் தானே இறக்கிச் சரிபார்க்கிற வாலட் சாஃப்ட்வேர், மாமா பையன் வெச்சிருந்தது இதுதான்) அந்தச் சாவி வாலட் டாட் டேட்னு ஒரு சின்ன ஃபைல்ல இருக்கும். எலக்ட்ரம்னா (முழுக் கணக்கையும் இறக்காம சர்வர்கிட்ட கேட்டுக்கிற இன்னொரு வாலட்) வாலட்ஸ் ஃபோல்டருக்குள்ள டிஃபால்ட் வாலட்னு ஒரு ஃபைல் இருக்கும், அதோட 12 வார்த்தை சீடை (சாவி எல்லாத்தையும் திரும்ப உருவாக்கற விதை வார்த்தைகள்) பேப்பர்ல எழுதி வெச்சிருப்பீங்க (வெச்சிருந்தா நீங்க புண்ணியம் பண்ணவர், இந்த கைடையே படிக்க வேணாம், வேற நல்ல மெஷின்ல எலக்ட்ரம் போட்டு சீடை அடிச்சா முடிஞ்சது).

ஃபைல் எங்க இருக்குன்னு கேட்டா, விண்டோஸ்ல ரன் பாக்ஸைத் திறந்து பர்சென்ட் குறி, ஆப்டேட்டா, மறுபடி பர்சென்ட் குறி அடிச்சு என்டர் தட்டினா ரோமிங் ஃபோல்டர் திறக்கும், அதுக்குள்ள பிட்காயின்னு ஒரு ஃபோல்டர். லினக்ஸ்னா ஹோம்ல டாட் பிட்காயின்னு மறைஞ்சிருக்கும், கன்ட்ரோல் ஹெச் தட்டினா தெரியும். கோர் 0.16 வெர்ஷன்ல இருந்து புதுசா இன்ஸ்டால் பண்ணதுல வாலட்ஸ்னு தனி சப்ஃபோல்டருக்குள்ள போயிடுச்சு, அதையும் பாருங்க. அப்புறம் டி டிரைவ், பழைய பென்டிரைவ், பேக்கப்னு பேர் வெச்ச ஃபோல்டர்னு மெஷின் முழுக்க அதே பேர்ல தேடுங்க, நிறைய பேர் ரெண்டு மூணு வாலட் வெச்சுட்டு மறந்துபோயிருப்பாங்க.

காப்பி எடுக்கறப்ப சாஃப்ட்வேர் ஓடக்கூடாது. முழுசா மூடி, ஹார்ட் டிஸ்க் லைட் அடங்கினப்புறம் ரெண்டு பென்டிரைவ்ல காப்பி போடுங்க. இனிமே என்ன சோதனை பண்ணாலும் காப்பிலதான், ஒரிஜினல் இருக்கிற பக்கமே போகாதீங்க. இதை நான் இவ்ளோ அழுத்திச் சொல்ல காரணம் இருக்கு, பிட்காயின் கோர் 30.0, 30.1 ரெண்டுலயும் பழைய வாலட்டைப் புது ஃபார்மேட்டுக்கு மாத்துற வேலை சில அபூர்வமான சூழ்நிலைல நடுவுல தோத்துப்போனா வாலட் ஃபோல்டர்ல இருக்கிற ஃபைல்களையே அழிச்சிடுற மாதிரி ஒரு பக் இருந்துச்சு, 30.2-லதான் சரி பண்ணாங்க. அவ்ளோ கவனமா எழுதுற சாஃப்ட்வேருக்கே அந்த கதின்னா நம்ம பரண் லேப்டாப்பை என்ன சொல்றது.

ஹார்ட் டிஸ்க் டிக் டிக்னு சத்தம் போட்டா, இல்ல ஒரு சின்ன ஃபைலை காப்பி பண்ணவே நிமிஷக்கணக்கா ஆனா, அங்கயே ஆஃப் பண்ணிடுங்க. அந்த டிஸ்க்ல விண்டோஸை ஓடவிடற ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம். கழட்டி வேற மெஷின்ல மாட்டி டிடிரெஸ்க்யூ மாதிரி டிஸ்க் மீட்கற சாஃப்ட்வேர் ஒன்னுல முழு டிஸ்க்கையும் க்ளோன் எடுத்துட்டு க்ளோன்ல வேலை பாருங்க.

ஜீரோ காட்டினா பதறாதீங்க

நம்ம கேஸ்ல என்ன ஆச்சுன்னா, சில வருஷம் முன்னாடி சி டிரைவ்ல இடம் பத்தலன்னு மாமா பையன் பிட்காயின் ஃபோல்டருக்குள்ள பெருசா இருந்த பிளாக்ஸ் (இறக்கின கணக்குப் பக்கங்கள்), செயின்ஸ்டேட் (எந்தக் காசு எந்த அட்ரஸ்ல நிக்குதுங்கிற சுருக்கம்) ரெண்டையும் அழிச்சிட்டார். நல்ல வேளையா வாலட் டாட் டேட் சின்ன ஃபைலா இருந்ததால கண்ணுல படல. பிளாக் எல்லாம் இல்லாம போனதும் சாஃப்ட்வேருக்கு உங்களுக்கு எவ்ளோ காசு வந்துச்சுன்னு உறுதி பண்ண வழி இல்ல, அதனால 2009 ஜனவரி 3-ன் முதல் பிளாக்ல இருந்து மறுபடி இறக்கி, சரிபார்த்து, உங்க அட்ரஸுக்கு காசு வந்த பிளாக் வந்து சேர்ற வரைக்கும் பேலன்ஸ் சரியா காட்டாது. ஜீரோன்னா "இன்னும் தெரியல"னு அர்த்தம்.

சந்தேகம் தீரலன்னா ரிசீவ் அட்ரஸ் லிஸ்ட்ல இருக்கிற அட்ரஸை எடுத்து போன்ல ஏதாவது ஒரு பிளாக் எக்ஸ்ப்ளோரர்ல (எந்த அட்ரஸோட கணக்கையும் காட்டற வெப்சைட்) போட்டுப் பாருங்க. காசு அங்க இருந்தா இருக்கு. அந்த அட்ரஸ் உங்க ஐபில இருந்து தேடினதா அந்த சைட்காரனுக்குத் தெரியும், அது பரவாயில்லன்னா பாருங்க. அட்ரஸ் மட்டும்தான் போடணும், சாவியையோ சீடையோ எந்த சைட்லயும் போடக்கூடாது, "வேலிடேட்" பண்ணித் தரேன்னு சொன்னாலும்.

இதுல ஒரு உள்குத்து இருக்கு. நீங்க அட்ரஸ்ல 1 காயின் வெச்சிருந்து அதுல 0.2 யாருக்காவது அனுப்பியிருந்தா மீதி 0.8 அதே அட்ரஸ்ல நிக்காது, பெரும்பாலும் சில்லறை அட்ரஸ்னு ஒன்னு தானா உருவாகி அதுக்குப் போயிருக்கும், அது ரிசீவ் லிஸ்ட்லயே தெரியாது. எக்ஸ்ப்ளோரர்ல உங்க அட்ரஸ் காலியா இருந்தா திருடு போச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்த ட்ரான்ஸாக்‌ஷனைத் திறந்து மீதி எங்க போய் உக்காந்திருக்குன்னு பாருங்க.

நான் ஒன்றரை நாள் ஏமாந்த இடம்: கடிகாரம்

சரி சின்க் ஆகட்டும், அதாவது பிளாக் எல்லாம் இறங்கி முடியட்டும்னு விட்டேன். 32 ஆயிரம் சொச்சம் பிளாக்ல போய் நின்னுடுச்சு. நெட்டை மாத்தினேன், ஃபயர்வாலை நிறுத்தினேன், ரீஇண்டெக்ஸ் (இருக்கிற பிளாக்கை முதல்ல இருந்து மறுபடி சரிபார்க்கறது) போட்டேன், மறுபடி அதே இடம். ராத்திரி பூரா ஓடவிட்டு காலைல பார்த்தா ஒரு அறுபது எழுபது பிளாக் கூடியிருக்கு, அவ்ளோதான். அப்புறம்தான் மூளை வேலை செஞ்சது, ஒரு நாளைக்கு வர்ற புது பிளாக் சுமாரா 144, பத்து நிமிஷத்துக்கு ஒன்னு. அப்படின்னா இந்த மெஷின் 2010 ஜனவரில வாழ்ந்துட்டு இருக்கு! கீழ ஓரத்துல டேட் பார்த்தா ஆமா, 2010. மதர்போர்டுல இருக்கிற சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்துப்போய், ஆன் பண்றப்பல்லாம் பயாஸ் 2010 ஜனவரி 1-க்கே போயிட்டு இருந்துச்சு.

பிட்காயின்ல ஒரு ரூல் உண்டு, உங்க கடிகாரத்தைவிட 2 மணி நேரத்துக்கு மேல முன்னாடி இருக்கிற டைம் போட்ட பிளாக்கை நோட் ஏத்துக்காது. அதனால 2010-ல இருக்கிற மெஷின் 2010 வரைக்கும் வந்த பிளாக்கை மட்டும் வாங்கிட்டு, அடுத்தது எல்லாம் எதிர்காலத்துல இருந்து வருதுன்னு தள்ளிட்டே இருந்துச்சு. அது பாட்டுக்கு சரியாதான் வேலை பார்த்திருக்கு, நான்தான் முட்டாள். இதே கடிகாரக் கோளாறாலதான் எலக்ட்ரம் சர்வரோட கனெக்ட் ஆகாம கீழ சிவப்புப் புள்ளி காட்டிட்டே இருக்கலாம், பிரவுசர்ல எந்த சைட்டைத் திறந்தாலும் சர்டிஃபிகேட் சரியில்லன்னு வரும். பிரவுசர்ல அப்படி வந்தா அதுதான் துப்பு, நேரா கடிகாரத்தைப் பாருங்க.

பேட்டரி ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும் போக வேண்டியதில்ல, தெருமுனை வாட்ச் கடைலயே டீ வடை காசுக்குக் கிடைக்கும். டெஸ்க்டாப்னா கழட்டி மாட்டறது ரெண்டு நிமிஷம், லேப்டாப்ல சிலதுல வயரோட ஒட்டியிருக்கும், வராதுன்னா விட்டுட்டு ஒவ்வொரு தடவையும் கையால டேட் செட் பண்ணிக்கங்க. வருஷத்தையும் பாருங்க, மணி மட்டும் பார்த்துட்டு சரியாதானே இருக்குன்னு நான் விட்ட மாதிரி விடாதீங்க.

கரப்ட், ஹேங், பாதில சாகறது

"பிளாக் டேட்டாபேஸ் கரப்ட் ஆயிருக்கு"ன்னு வந்தா உங்க காசு கரப்ட் ஆகல, பிளாக் ஃபைல்கள்தான். கரன்ட் போனப்ப திடீர்னு ஆஃப் ஆகியிருக்கும், பேட்டரி உப்பிப்போன லேப்டாப்ல இது சகஜம். ரீஇண்டெக்ஸ் கேட்டா ஓகே கொடுங்க. ஆனா ரீஇண்டெக்ஸ் முடிஞ்சு மறுபடி மறுபடி கரப்ட் ஆகுதுன்னா அது ராம், டிஸ்க், இல்ல சூடு. ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 ப்ளஸ் ஒரு ராத்திரி ஓடவிடுங்க, ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த ராமைத் தூக்கிப்போடுங்க. சூடும் பெரிய வில்லன், சின்க் ஆகறப்ப சிபியு மணிக்கணக்கா முழு வேகத்துல ஓடும், பத்து வருஷத் தூசியை வெச்சுட்டு ஃபேன் என்ன பண்ணும் பாவம். பிட்காயின் டாட் கான்ஃப்ங்கிற செட்டிங்ஸ் ஃபைல்ல பார் சமம் 1-னு ஒரு வரி போட்டா ஒரே த்ரெட்ல சரிபார்க்கும், மெதுவா போகும், ஆனா போய்ச் சேரும்.

2 ஜிபி ராம் மெஷின்ல பாதில எந்த மெசேஜும் இல்லாம மூடிக்கிச்சுன்னா மெமரி பத்தலன்னுதான் முதல் சந்தேகம். டிபிகேஷ் (கணக்கை ராம்ல வெச்சுக்கிற அளவு, அதே செட்டிங்ஸ் ஃபைல்லதான்) ரொம்ப நாளா 450 எம்பினுதான் வந்துட்டு இருந்துச்சு, மெம்பூல் (இன்னும் பிளாக்ல ஏறாம காத்திருக்கிறதை வெச்சுக்கிற இடம்) இன்னொரு 300 வரைக்கும் போகும். டிபிகேஷை 150-க்கும், மேக்ஸ்மெம்பூலை 50-க்கும் இறக்குங்க. மேக்ஸ்கனெக்‌ஷன்ஸை 8 இல்ல 10-ஆ வெச்சா நெட்டுக்கும் நல்லது.

இடம் பத்தலன்னா ப்ரூன் இருக்கு. ப்ரூன் சமம் 550 போட்டா சரிபார்த்து முடிச்ச பழைய பிளாக்கை அழிச்சுட்டே போகும், சுமார் 550 எம்பி அளவு பிளாக் மட்டும் வெச்சுக்கும், செயின்ஸ்டேட்டுக்கு பத்து ஜிபிக்கு மேல போகும், ஒரு 30 ஜிபி காலியா இருந்தா தைரியமா இறங்கலாம். ஆனா இறக்கறது என்னவோ முழுசாதான் இறக்கணும், 600 ஜிபிக்கு மேல. டெய்லி 2 ஜிபி பேக் வெச்சிருக்கிற மொபைல் ஹாட்ஸ்பாட்ல ஆரம்பிச்சா 300 நாளுக்கு மேல ஆகும், அதுக்குள்ள புது பிளாக் வேற வந்துட்டே இருக்கும். இன்னொன்னு, ப்ரூன்ல பலபேர் விழற குழி இது: முழுசா சின்க் பண்ணி முடிச்சிட்டு கடைசில பழைய வாலட்டை உள்ள போட்டா, அதுக்கு வேண்டிய பழைய பிளாக்கெல்லாம் அழிஞ்சுபோச்சு, மறுபடி முதல்ல இருந்து இறக்குன்னு சொல்லிடும். பழைய வாலட்டை முதல்லயே உள்ள வெச்சுட்டுதான் சின்க்கை ஆரம்பிக்கணும்.

விண்டோஸ் 7-ல புது வெர்ஷன் திறக்கவே மாட்டேங்குதா

திறக்காது. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஓட கையை விரிச்சிட்டாங்க. எலக்ட்ரம் பைத்தான்ல எழுதினது, பைத்தான் 3.9-ல இருந்து விண்டோஸ் 7-ல ஓடறதில்ல. அதனால ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்னு ஆரம்பிக்கிற ஏதோ ஒரு டிஎல்எல் (சாஃப்ட்வேர் ஓடறதுக்கு வேண்டிய துணை ஃபைல்) காணோம்னு ஒரு பெட்டி வரும். உடனே அந்த டிஎல்எல் பேரைத் தேடினா "இலவசமா டவுன்லோட் பண்ணுங்க"ன்னு பத்து சைட் வந்து நிக்கும். காசு இருக்கிற மெஷின்ல முகம் தெரியாதவன் கொடுத்த டிஎல்எல்-ஐப் போடறது வீட்டு சாவியை வாசல்ல தொங்கவிடற வேலை. வேணாம்.

அதே மாதிரி பழைய எலக்ட்ரமைத் திறந்ததும் "அப்டேட் பண்ணு, இந்த லிங்க்ல எடு"ன்னு ஒரு மெசேஜ் வந்தா தொடாதீங்க. 2018 டிசம்பர்ல இதை வெச்சுதான் பெரிய கொள்ளை நடந்துச்சு, திருடனுங்களே சர்வர் நடத்தி, காசு அனுப்பறப்ப எரர் மாதிரி ஒரு லிங்க்கைக் காட்டினானுங்க, அதை நம்பி இறக்கினவங்க வாலட் எல்லாம் காலி. 3.3.4-க்கு முந்தின வெர்ஷன் எதுவா இருந்தாலும் அதுல நெட்டையே கொடுக்காதீங்க. வாலட் ஃபைலையோ சீடையோ எடுத்துட்டு வேற மெஷினுக்குப் போங்க. புது எலக்ட்ரமை எலக்ட்ரம் டாட் ஆர்க்னு அட்ரஸ் பார்ல கையால அடிச்சு எடுங்க, கூகுள்ல மேல வர்ற விளம்பரத்தைத் தட்டி எடுக்காதீங்க. எடுத்ததோட டிஜிட்டல் கையெழுத்தையும் சரிபாருங்க, அது எப்படின்னு அந்த சைட்லயே போட்டிருக்கு.

கடைசில நாங்க பண்ணது: சின்க்கே வேணாம்னு விட்டுட்டோம்

கடிகாரம் சரியானதும் பிளாக் ஓட ஆரம்பிச்சுது, ஆனா அந்த ஹார்ட் டிஸ்க் போற வேகத்துக்கு அடுத்த பொங்கல் வந்துடும். அப்பதான் உறைச்சது, சாவி எடுக்கறதுக்கு சின்க் எதுக்கு? பழைய சாஃப்ட்வேர்ல அரை பிளாக்கூட இல்லாம நெட்டைப் புடுங்கிட்டே சாவியை வெளிய எடுக்கலாம், அதை நல்ல மெஷின்ல இருக்கிற எலக்ட்ரம்ல ஸ்வீப் (பழைய சாவில இருக்கிற காசைப் புது வாலட்டுக்கு அனுப்பறது) பண்ணிட்டா முடிஞ்சது.

முதல்ல வைஃபையை ஆஃப் பண்ணோம். ஹெல்ப் மெனுல டீபக் விண்டோ, அதுல கன்சோல் டேப். வாலட்டுக்கு பாஸ்வேர்டு இருந்தா வாலட்பாஸ்ஃப்ரேஸ்னு அடிச்சு, ஒரு ஸ்பேஸ், டபுள் கோட்ஸுக்குள்ள பாஸ்வேர்டு, ஒரு ஸ்பேஸ், 600-னு போட்டா பத்து நிமிஷத்துக்குத் திறந்திருக்கும். நாலு தடவை தப்புன்னு சொல்லிச்சு. அப்புறம் பார்த்தா டாஸ்க்பார்ல தமிழ் கீபோர்டு ஆன்ல இருக்கு! அதை மாத்தினதும் அஞ்சாவது தடவை திறந்துச்சு. பாஸ்வேர்டு ஓரளவு ஞாபகம் இருந்து ஒரு எழுத்து ரெண்டு எழுத்துதான் குழப்பம்னா பிடிசிரெக்கவர்னு ஓப்பன் சோர்ஸ் டூல் இருக்கு, உங்க மெஷின்லயே ஓட்டலாம். ரிமோட்ல வந்து எடுத்துத் தரேன், முதல்ல வாலட்டையும் பாஸ்வேர்டு க்ளூவையும் அனுப்புன்னு சொல்றவனுக்கு அனுப்பாதீங்க.

அடுத்தது டம்ப்வாலட், பக்கத்துல பென்டிரைவ்ல ஒரு ஃபைல் பேர். ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வந்து விழும். ஒவ்வொரு வரியிலயும் முதல்ல 5, இல்ல கே, இல்ல எல்-ல ஆரம்பிச்சு அம்பது எழுத்துக்கு ஒரு நீளமான கச்சடா இருக்கும், அதுதான் சாவி. அப்புறம் தேதி, அப்புறம் லேபிள், இல்லன்னா சேஞ்ச் சமம் 1, இல்லன்னா ரிசர்வ் சமம் 1, கடைசில அட்ரஸ். லேபிள் இருக்கிற வரியை மட்டும் எடுத்துட்டுப் போயிடாதீங்க, முன்ன சொன்னேனே அந்த சில்லறை, அது சேஞ்ச் வரிகள்லதான் இருக்கும். எங்களுக்கு பாதிக்கு மேல அங்கதான் இருந்துச்சு. நான் எல்லா சாவியையும் மொத்தமா எடுத்தேன், காலியா இருக்கிறது காலியா போகட்டும். (கோர் 0.13-க்கு முந்தின வாலட்ல சாவி எல்லாம் ஒரே விதைல இருந்து வர்றதில்ல, முன்கூட்டியே நூறு செஞ்சு வெச்சுக்கும், அதனால ரொம்பப் பழைய பேக்கப்ல அப்புறம் வந்த சாவிகள் இல்லாம போகலாம், கடைசியா உபயோகிச்ச ஃபைல்ல இருந்து எடுங்க.)

இந்த டம்ப்வாலட் வேலை பழைய வகை வாலட்டுக்கு, பழைய வெர்ஷன்லதான். 30-ல இருந்து புது கோர் பழைய வகையைத் திறக்காது, மாத்தித்தான் திறக்கும்.

அந்த பென்டிரைவை நல்ல லேப்டாப்ல மாட்டினோம், அதுல எலக்ட்ரம்ல புதுசா ஒரு வாலட், 12 வார்த்தையை மாமா பையன் அத்தையோட கணக்கு நோட்டுல ஒரு தாளைக் கிழிச்சு எழுதினார். நல்ல மெஷின் இல்லன்னா 64-பிட் சிபியு இருக்கிற எதுலயும் லினக்ஸ் பென்டிரைவ்ல பூட் பண்ணிக்கலாம், டெயில்ஸ்ங்கிற லினக்ஸ்ல எலக்ட்ரம் கூடவே வருது. எலக்ட்ரம்ல வாலட் மெனு, பிரைவேட் கீஸ், ஸ்வீப். சாவிகளை வரிக்கு ஒன்னா ஒட்டினா அட்ரஸ்ல இருக்கிறதைக் கண்டுபிடிச்சு ஒரே ட்ரான்ஸாக்‌ஷனா புது வாலட்டுக்குக் கொண்டுவரும். 1-ல ஆரம்பிக்கிற அட்ரஸுக்கு சாவியை அப்படியே போடலாம், 3-ல ஆரம்பிக்கிற செக்விட்ங்கிற புது வகை அட்ரஸ்னா சாவிக்கு முன்னாடி பி2டபிள்யூபிகேஹெச்-பி2எஸ்ஹெச், கோலன் சேர்க்கணும், பிசி1க்யூ-ல ஆரம்பிச்சா பி2டபிள்யூபிகேஹெச், கோலன். அது இல்லாம போட்டா ஒன்னும் இல்லன்னு சொல்லும், மறுபடி பதறாதீங்க. இம்போர்ட்னு இன்னொன்னு இருக்கு, அது வேணாம், பழைய சாவி மேலயே காசு உக்காந்திருக்கும், அந்தச் சாவி இத்தனை வருஷம் எந்த வைரஸ் கூட குடித்தனம் பண்ணுச்சோ யாருக்குத் தெரியும்.

ஃபீஸ் பார்த்து வெச்சு அனுப்பினோம், முக்கால் மணி நேரத்துல முதல் கன்ஃபர்மேஷன், அதாவது ஒரு பிளாக்ல ஏறிடுச்சு. மாமா பையன் அதுவரைக்கும் ஸ்க்ரீனை விட்டு நகரல. ஆறு கன்ஃபர்மேஷன் வந்ததும்தான் டெக்ஸ்ட் ஃபைல் இருந்த பென்டிரைவைக் கையில கொடுத்தேன், சுத்தியலால அவரே உடைச்சார்.

வாலட் டாட் டேட் காப்பி இருக்கிற மத்த ரெண்டு பென்டிரைவை உடைக்க விடல. 2017 ஆகஸ்ட் 1-ல பிட்காயின்ல இருந்து பிட்காயின் கேஷ்னு தனிக் காயின் பிரிஞ்சப்ப அந்த அட்ரஸ்ல காசு இருந்தவங்களுக்கு அதே அளவு அதுவும் இருக்கும், அதே சாவிதான். பிட்காயினை வேற இடத்துக்கு நகர்த்தின பிறகு அந்தப் பழைய சாவியை பிட்காயின் கேஷ் வாலட்ல போட்டா பயம் இல்ல, முன்னாடியே போட்டா ரெண்டும் சேர்ந்து போற வழி. அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன்னு சொல்லிட்டுப் போனார், லேப்டாப்பை என் டேபிள்லயே விட்டுட்டு.